ஆணுறை: அச்சம் கற்பித்ததும் கற்பிக்கத் தவறியதும்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் பேருந்தில் போய்வந்த எவரும் அந்தக் கேள்வியைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் பேருந்துகளிலும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற ஒற்றை வரி நின்றது. யார் இந்தப் புள்ளிராஜா என்பதற்கு முதலில் விடை இல்லை. டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் பேச்சு கிளம்பிய பிறகே, பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாமல் பல பெண்களிடம் போகிற ஓர் ஆண் அந்தப் பெயருக்கு உரியவனாக அறிமுகமானான். அந்த வரி மக்கள் நாவில் ஏறியது, கேலிச்சொல்லாகவும் மாறியது, நாற்பது வயதைக் கடந்த தமிழர்கள் இன்றும் அதைக் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அந்த விளம்பரம் எதைச் செய்யச் சொன்னது என்று கேட்டால்தான் பலரும் தயங்குகிறார்கள். நோயின் பெயரும் நோய்க்கு ஆளாகக்கூடியவனின் பெயரும் நினைவில் தங்கிவிட்டன, ஆணுறை தங்கவில்லை.

இந்த மறதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் ஊரில் ஆணுறையைப் பற்றிப் பொதுவெளியில் இரண்டு முறை உரத்துப் பேசினார்கள். முதல் முறை பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக; இரண்டாம் முறை எய்ட்ஸைத் தடுப்பதற்காக. இரண்டுமே அரசின் கவலையிலிருந்து பிறந்த பேச்சுகள். படுக்கையில் இருக்கும் இருவரின், குறிப்பாகப் பெண்ணின், விருப்பத்தையும் உடல்நலத்தையும் முன்வைக்கும் மூன்றாவது பேச்சு ஒன்று இந்த இரண்டுக்கும் முன்பே தமிழில் எழுந்து, பிறகு கவனிப்பாரற்றுப் போனது. ஆணுறைப் பரப்புரை எங்கே வென்றது, எங்கே நின்றுபோனது என்பதை இந்த மூன்று பேச்சுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் காலத்தால் முந்தியது. 1930களில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதிய பெரியார், மற்றவர்களுடைய காரணத்திலிருந்து தம் காரணம் வேறுபடுவதைத் தெளிவாகவே சொன்னார். பெண்ணின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றுக்காகப் பிறர் கர்ப்பத்தடை வேண்டுமென்றபோது, பெண் விடுதலை பெறவும் சுயேச்சையாக வாழவும் அது வேண்டும் என்பது அவருடைய வாதம். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாதம் நம் சுகாதாரத் துறைச் சுவரொட்டிகளில் இடம்பெறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. 

சுதந்திரத்துக்குப் பிந்தைய அரசு ஆணுறையைக் கையில் எடுத்தது எண்ணிக்கைக் கவலையில்தான். 1966இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அதன் ஆலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த கேரள மண்ணை அதற்குத் தேர்ந்தெடுத்ததில் பொருள் இருந்தது. அதற்கு முன்பே, 1968இல், தடுப்பு என்று பொருள்படும் சமஸ்கிருதப் பெயருடன் 'நிரோத்' சந்தைக்கு வந்துவிட்டது. மூன்று உறைகள் கொண்ட பொட்டலத்தின் விலை 15 பைசா. மருந்துக்கடையை மட்டும் நம்பியிருந்தால் கிராமத்துக்குப் போய்ச் சேராது என்பதால், தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் விளக்கு பேட்டரி விற்கும் பெருநிறுவனங்களிடம் விநியோகம் ஒப்படைக்கப்பட்டது. புரூக் பாண்டும் லிப்டனும் ஹிந்துஸ்தான் லீவரும் தங்கள் சரக்கு போகும் பெட்டிக்கடைகளுக்கெல்லாம் நிரோத்தையும் கொண்டுபோயின. மானிய விலையில், வணிக வழியில், பொதுநலப் பொருளொன்றை விற்கும் இந்த ஏற்பாடு உலகிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று. தமிழில் ஆணுறைக்கு இன்றும் பலர் வாயில் வரும் பெயர் நிரோத் என்பதே அந்த விநியோகத்தின் வீச்சுக்குச் சாட்சி.

ஆனால் அரசின் உண்மையான நம்பிக்கை அறுவைச் சிகிச்சையில்தான் இருந்தது. ஆணுறையை ஒவ்வொரு முறையும் ஒருவர் நினைவோடு அணிய வேண்டும். அறுவைச் சிகிச்சையை ஒருமுறை செய்து கணக்கில் எழுதிவிடலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அந்தக் கட்டாயத்தின் கசப்பு ஆண்களைக் குடும்பநலத் திட்டத்திலிருந்தே விரட்டிவிட்டது, அதன் பிறகு சுமை முழுவதும் பெண்ணின் உடல்மீது இறங்கியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 சதவீதம், ஆணுறையை நம்பியிருப்பதாகச் சொன்னவர்கள் 9.5 சதவீதம். தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சையின் பங்கு தேசியச் சராசரியைவிட மிக அதிகம், ஆணுறையின் பங்கு அதைவிடக் குறைவு. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு அதே மருத்துவமனையில் 'குடும்பக் கட்டுப்பாடு' செய்துகொண்டு வீடு திரும்புவது நம் பெண்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், கணவன் ஒரு நாளும் ஆணுறை வாங்க வேண்டிய தேவையே எழாமல் அந்தச் சாதனை நடந்தேறியதைக் கவனிப்பதில்லை. அறுவைச் சிகிச்சை கருவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது என்ற வேறுபாடு அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அது உறைக்கத் தொடங்கிய இடம் சென்னை. அமெரிக்காவில் ஓரினச் சேர்க்கையாளர்களிடம் காணப்பட்ட நோய், கட்டுப்பாடு மிக்க நம் சமூகத்துக்கு வராது என்று மருத்துவர்களே நம்பியிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகக் கைதாகி அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தகுந்த வசதி இல்லாததால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, சோதனைக்காக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த அந்தச் சோதனையில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, அமெரிக்காவில் மீண்டும் சோதித்து அது உறுதி செய்யப்பட்டது. அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் சான்று அதுவே. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

முதல் சான்று பாலியல் தொழிலாளிகளின் இரத்தத்திலிருந்து கிடைத்தது ஓர் ஆய்வு முறையின் விளைவு. அவர்களிடம்தான் தேடினார்கள், அவர்களிடம் கிடைத்தது. அவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்த ஆண்களின் இரத்தத்தை யாரும் அப்போது எடுக்கவில்லை. ஆனால் பொதுமக்கள் மனதில் அது வேறு விதமாகப் பதிந்தது. இது 'அப்படிப்பட்ட' பெண்களின் நோய், 'தகாத உறவு' வைத்திருப்பவர்களின் நோய் என்ற எண்ணம் வேரூன்றியது. அதனோடு ஒட்டிக்கொண்டு ஆணுறையும் ஒழுக்கக்கேட்டின் அடையாளமானது. நிரோத் காலத்தில் குறைந்தபட்சம் அது குடும்பத்தின் பொருளாக, குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணத்தின் கீழ் சிரிக்கும் தாய் தந்தையோடு காட்டப்பட்டது. எய்ட்ஸ் காலத்தில் அது வீட்டுக்கு வெளியே பயன்படுத்தும் பொருளாக இடம் மாறியது. என் கணிப்பில், நாற்பது ஆண்டு ஆணுறைப் பரப்புரையின் மிகப் பெரிய இழப்பு இந்த இடமாற்றம்தான்.

இதனால் அந்தக் காலத்துப் பணிகளின் பெருமை குறைந்துவிடாது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. துறைகளின் சிவப்பு நாடாவுக்கு வெளியே, விரைவாகச் செலவிட்டு விரைவாகச் செயல்படும் இந்த அமைப்பு முறையைப் பின்னர் பிற மாநிலங்களும் பின்பற்றின. 1995 முதல், சென்னையின் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் நிறுவனத்தின் வழியாக, அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் நிதியில், எய்ட்ஸ் தடுப்புக்கான ஏபாக் திட்டம் பல தொண்டு நிறுவனங்களைக் களத்தில் இறக்கியது. லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல்லிலும் நெடுஞ்சாலையோரத் தங்கிடங்களிலும் ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் தேடிப்போய்ப் பேசினார்கள். வாரக்கணக்கில் வடமாநிலங்களுக்குச் சரக்கேற்றிப் போய்த் திரும்பும் அந்த மனிதர்களிடம் ஒழுக்க உபதேசம் எடுபடாது என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்து பேசி, புண்ணோ எரிச்சலோ இருந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டி, ஆணுறையை எப்படிப் போடுவது என்று மர மாதிரியில் செய்து காட்டிக் கையில் கொடுத்தார்கள். பாலியல் தொழிலாளிகளிடையே அந்தப் பெண்களிலிருந்தே சிலரைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். வாடிக்கையாளர் 'உறை வேண்டாம், கூடப் பணம் தருகிறேன்' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதை வெளியிலிருந்து வரும் சமூகப் பணியாளர் கற்பிக்க முடியாது. அதே பேரத்தை நேற்று நடத்திய இன்னொரு பெண்ணால்தான் முடியும்.

இதற்குப் பலன் கிடைத்தது. 2000ஐ ஒட்டி, கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. 1 சதவீதத்தைத் தாண்டிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுவரையுள்ள கர்ப்பிணிகளிடையே தொற்று 2000இல் 1.7 சதவீதமாக இருந்து 2004இல் 1.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இளம் பெண்களிடம் தொற்று குறைகிறது என்றால் அது புதிய தொற்றுகள் குறைவதன் அறிகுறி; பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறைப் பயன்பாடு கூடியதே இதற்கு முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். தாய்லாந்து இதற்கு முன்பே இதைச் செய்து காட்டியிருந்தது. அங்கே விபச்சார விடுதிகளில் ஆணுறை இல்லாமல் எவருக்கும் அனுமதி இல்லை என்ற விதியை 1991இல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். 1989இல் 14 சதவீதமாக இருந்த பயன்பாடு 1993இல் 94 சதவீதமானது, பால்வினை நோய்களின் எண்ணிக்கை சரிந்தது. விடுதி நடத்துபவரிடம் விதியை வைத்த தாய்லாந்தின் வழியும், தெருவிலும் வீடுகளிலும் சிதறியிருந்த பெண்களிடம் பேசிப் பேசி வளர்த்த தமிழ்நாட்டின் வழியும் வேறானவை. நம் வழி கடினமானது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எங்கும் பதிவாகவில்லை.

ஆனால் புள்ளிராஜாவின் மனைவி என்ன ஆனாள்? அந்த விளம்பரத்தில் அவளுக்கு இடம் இல்லை. ஆய்வுகளில் அவள் இருந்தாள். 1997இல் வெளியான புனே ஆய்வு ஒன்று, பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் 13.6 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்ததைக் கண்டது, அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு எவரோடும் உறவு கொள்ளாதவர்கள். சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர், தொற்றுக்கு ஆளான 134 பெண்களின் விவரங்களைத் தொகுத்தபோது, ஏறத்தாழ 90 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டவர்கள், பெரும்பாலோர் இல்லத்தரசிகள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகத் தொற்றைப் பெற்ற பின், ஒளிந்துகொள்ளாமல் தம் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். அவரும் அவரைப் போன்ற பெண்களும் சேர்ந்து 1998இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தால் போதும் என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த பெண்களை அந்த அறிவுரை காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடியது ஆணுறை, அதைக் கேட்க அவர்களுக்கு வாய் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மனைவி, கணவனிடம் ஆணுறை போடச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: 'உன்னை நான் நம்பவில்லை.' செய்துகொள்ளாதவள் கேட்டாலும், 'உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?' என்ற கேள்வி திரும்பி வரும். கணவனே தன் விருப்பத்தில் ஆணுறையை எடுத்தால், 'வெளியே போய்வந்தாயா?' என்ற ஐயம் மனைவிக்கு எழும். ஆணுறையை எய்ட்ஸோடும் எய்ட்ஸைப் புள்ளிராஜாவோடும் இறுகக் கட்டிவைத்த பரப்புரை இந்த மூன்று கேள்விகளையும் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்தது. அச்சம் ஒரு மனிதனை ஆபத்தான இடத்தில் எச்சரிக்கையாக இருக்கச் செய்யும். தான் பாதுகாப்பாக இருப்பதாக நம்பும் இடத்தில் அவனை இன்னும் அலட்சியமாக்கும். வீடு பாதுகாப்பான இடம் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை.

இங்கே ஆணுறை என்ற பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. கேலியும் கூச்சமும் சூழ்ந்திருப்பதால், அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறவர்களுக்கே அடிப்படைகள் சில தெரிவதில்லை. கண்ணாடி அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி எடுத்து, உலர்த்தி, பதப்படுத்தி ஆணுறை செய்யப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மின்சாரம் செலுத்திச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து நீர் நிரப்பியும், காற்றடைத்து வெடிக்கும்வரை ஊதியும் பார்க்கிறார்கள். இந்தியாவில் மருந்துச் சட்ட விதிகளின் கீழ் இதற்குத் தனித் தர அளவுகள் உண்டு. எனவே 'கிருமி ஆணுறைக்குள் புகுந்து போய்விடும்' என்பது தவறான செய்தி. சேதமில்லாத ரப்பர் உறையை எச்.ஐ.வி. கடக்காது. தோல்வி பெரும்பாலும் பொருளில் இல்லை, பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தும் 100 இணையர்களில் இருவருக்குக் கரு உண்டாகலாம். நடைமுறையில் மனிதர்கள் பயன்படுத்துகிற விதத்தில், சில நாள் மறந்தும் சில நாள் தாமதமாகப் போட்டும், அது 13 ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கற்பித்தலால் மட்டுமே குறைக்க முடியும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, எப்போதும் பயன்படுத்தும் இணையர்களிடையே தொற்று, பயன்படுத்தாதவர்களைவிடச் சுமார் 80 சதவீதம் குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரியான முறை எளியதுதான். உறையின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்த்து, பல்லாலும் கத்தரிக்கோலாலும் கிழிக்காமல் விரலால் ஓரத்தைப் பிரிக்க வேண்டும். விறைப்பு வந்த பிறகு, பெண்ணின் உடலோடு எந்தத் தொடர்பும் ஏற்படும் முன்பே, நுனியிலுள்ள காற்றை இரு விரலால் அழுத்தி வெளியேற்றிப் பிடித்தபடி, அடிவரை உருட்டி அணிய வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டது தெரிந்தால் அதையே திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும், ஏனென்றால் முதல் துளியிலேயே விந்தணுவும் கிருமியும் இருக்கக்கூடும். உறவு முடிந்ததும், விறைப்பு குறைவதற்குள், அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, தாளில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு எண்ணெய். தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்ட சில நிமிடங்களில் ரப்பர் வலுவிழந்து கிழியத் தொடங்கும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல்தான் சரி. இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு, உராய்ந்து இரண்டுமே கிழியக்கூடும். மாதக்கணக்கில் பணப்பையிலோ வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலோ வைத்திருந்த உறையை நம்பக் கூடாது. நம் ஊர் வெயிலில் இது சிறிய விஷயமே அல்ல.

ஆணுறை எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு வைத்தியத்தில் வெட்டை என்றும் மேகம் என்றும் சொல்லப்பட்ட நோய்களில், வெட்டையையும் அதைப் போல் உடல் திரவங்களில் பரவுவனவற்றையும் அது நன்றாகத் தடுக்கும். தோலோடு தோல் உரசிப் பரவும் அக்கி வகைப் புண்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. ஆகியவற்றில், உறை மூடாத இடத்தில் கிருமி இருந்தால் பரவக்கூடும். அங்கே ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. எச்.பி.வி.க்கும் கல்லீரல் அழற்சி பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது. உறை கிழிந்து எச்.ஐ.வி. அச்சம் ஏற்பட்டால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உண்ண வேண்டிய தடுப்பு மருந்துகள் உண்டு, எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கான இடத்துக்குச் சுகவாழ்வு மையம் என்றும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான இடத்துக்கு நம்பிக்கை மையம் என்றும் தமிழ்நாட்டில் பெயர். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துப் பேசலாம்.

இவ்வளவு எளிய செய்தியைப் பொதுவில் சொல்வதற்குத்தான் தொடர்ந்து தடை வந்திருக்கிறது. பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியைத் தொடங்க முயன்றபோது, 2007ஐ ஒட்டி மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்திவைத்தன. 2017 டிசம்பரில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஆணுறை விளம்பரங்களை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே தொலைக்காட்சிகள் காட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் ஆபாசமான விளம்பரங்கள் வருகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆணுறை நிறுவனங்கள் இன்பத்தை மட்டும் காட்டி விளம்பரம் செய்வதும், அரசு நோயை மட்டும் காட்டி விளம்பரம் செய்வதும் சேர்ந்து நடுவில் இருக்கும் அன்றாடத் தேவையை மறைத்துவிட்டன என்பது என் கருத்து. இன்னொரு தடை காவல்துறையிடமிருந்து வந்தது. ஒரு பெண்ணின் கைப்பையில் ஆணுறை இருந்தால் அதையே பாலியல் தொழிலுக்குச் சான்றாகக் காட்டி வழக்குப் போடும் வழக்கம் நாடு முழுவதும் இருந்துவந்தது. ஒரு துறை இலவசமாகக் கொடுத்த பொருளை வைத்திருந்ததற்காக இன்னொரு துறை கைது செய்தால், எந்தப் பெண் அதைப் பையில் வைத்துக்கொள்வாள்? பாலியல் தொழிலாளிகள் தங்கள் உடல்நலத்துக்காக மேற்கொள்ளும் ஆணுறை போன்ற பாதுகாப்புகளைக் குற்றமாகவோ குற்றத்துக்கான சான்றாகவோ கருதக் கூடாது என்ற பரிந்துரை, உச்ச நீதிமன்றத்தின் 2022 மே 19ஆம் தேதி உத்தரவில் பதிவானது. எச்.ஐ.வி. சென்னையில் கண்டறியப்பட்டு 36 ஆண்டுகள் கழித்து.

இதற்கிடையே, அச்சத்துக்கு அடிப்படையாக இருந்த நிலைமையே மாறிவிட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. சாவதற்கென்றே ஆட்களைக் கொண்டுவந்து விட்டுப்போன அந்த வளாகத்திலிருந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பும் மனிதர்கள் புறப்பட்டார்கள். இன்று மருந்தைத் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமியைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. இது பெரிய ஆறுதல். ஆனால் மண்டையோட்டுப் படங்களையும் 'எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி' என்ற வாசகத்தையும் பார்த்திராத தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கிறது. அந்த அச்சம் அவர்களிடம் இல்லை. அது இல்லாமல் போனதில் வருந்த ஒன்றும் இல்லை. அதன் இடத்தில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை என்பதுதான் வருத்தம். திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் இளைஞர்களும், வேலைக்காக வேறு ஊரில் தனித்து வாழ்பவர்களும், புதிதாக மணமாகி முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைப்பவர்களும் கைப்பேசியில் கிடைக்கும் அரைகுறைச் செய்தியையும் ஆபாசக் காணொளிகளையும் ஆசிரியராகக் கொண்டிருக்கிறார்கள்.

கூச்சத்துக்குரிய பொருளொன்றை அன்றாடப் பொருளாக்க நம்மால் முடியும் என்பதற்கு அண்மைய சான்று ஒன்று இருக்கிறது. மாதவிடாய்க்கான நாப்கினைக் கடையில் கேட்கவே தயங்கிய காலம் வெகுதூரத்தில் இல்லை. 2012இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அது பள்ளி வழியாகவும் கிராம சுகாதார செவிலியர் வழியாகவும் இலவசமாகக் கைக்கு வந்தது. கறுப்பு உறையில் சுற்றித் தரும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை என்றாலும், தந்தையும் அண்ணனும் வாங்கிவரும் வீடுகள் பெருகிவிட்டன. அங்கே எந்த நோயையும் காட்டி யாரையும் பயமுறுத்தவில்லை. பொருளைக் கையில் கொடுத்து, பயன்படுத்தும் முறையைச் சொல்லி, இது உன் உடலுக்கு வேண்டியது என்று மட்டும் சொன்னார்கள்.

ஆணுறையையும் அதே கிராம சுகாதார செவிலியர்தான் தம் பையில் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு வருவது பகலில். கணவன் வேலைக்குப் போயிருப்பான். பொட்டலத்தை வாங்கிக்கொள்பவள் மனைவி. அதை இரவில் எடுத்து நீட்டி, காரணம் சொல்லி, அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. ஆண் அணிய வேண்டிய ஒன்றை ஒரு பெண் பணியாளர் இன்னொரு பெண்ணிடம் கொடுத்து, அந்த ஆணை இணங்கவைக்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டுப்போகும் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாகக் கேள்வியின்றித் தொடர்கிறது. லாரி ஓட்டுநர்களிடம் முன்பு செய்ததைப் போல, ஆண்கள் கூடும் இடத்தில், மில் வாசலிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கட்டுமானத் தளத்திலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும், அவர்களில் ஒருவனே நின்று பேசும் ஆண் பணியாளர் திருமணமான ஆண்களுக்கென்று நியமிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. கர்ப்பிணியின் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கணவனும் உடன் வரும் நாளில், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆணுறையைப் பற்றிப் பேச ஒரு கால்மணி நேரம் போதும். கர்ப்ப காலத்தில் உறவு கொள்ளும்போதும், பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவைத் தள்ளிப்போடும்போதும் இது தேவைப்படும் என்று சொல்லித் தொடங்கினால், அங்கே யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மனைவி கேட்கத் தயங்கிய ஒன்றை அவளுக்குப் பதிலாக மருத்துவமனை கேட்டுவிடுகிறது.